உப்பில்லாத பாதி இலை

சைகோன்
12-2-1961

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி தணிகாசலம் வணக்கத்துடன் எழுதுவது.

இவ்விடம் யாவரும் நலம். உங்கள் நலமும் பசுக்களின் நலமும் அறிய ஆவல். முழங்கால் வலிக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். உழவர்கரைத் தோட்ட வீட்டை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். இங்கே நிலைமை சரியில்லை. நான் வேலை பார்க்கும் பிரெஞ்சுக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பும். நானும் பிரான்சுக்குப் போய் நிலையாக உட்காரலாம் என்று பார்க்கிறேன். அதற்குக் கையில் முதல் வேண்டும். மாமா காலமான பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் தனியாக இருப்பதை நினைத்தாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. டவுனில் சின்னதாக, வசதியாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையம் கோவிந்தசாமி மரவாடி வைக்க இடம் தேடுகிறாராம். பார்க்க வருவார். அவரிடம் சிரித்துப் பேசுங்கள்.

மழை பனியில் நனையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புள்ள தம்பி,
தணிகாசலம்

*

உழவர்கரை
5-3-1961

அன்புள்ள தம்பி தணிகாசலத்துக்கு அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, தைலம்தான் தீர்ந்துவிட்டது. சிவப்பி கன்று போட்டிருக்கிறாள், கிடேரி. வேறு குறையில்லை.

நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் "இவ்விடம் யாவரும் நலம்" என்று எழுதுகிறாய். ஒண்டிக்கட்டை ஆளுக்கு யாரடா "யாவரும்"? சுவரில் இருக்கும் பல்லியையும் சேர்த்துக்கொண்டாயா?

வீட்டை விற்க நீயும் நானும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறாய். இங்கே இன்னும் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். இந்த வீடு அப்பாவுக்கு ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பது உனக்கு மறந்திருக்கும். பதினெட்டு வயதில் கப்பலேறியவன் நீ. எனக்கு மறக்க வழியில்லை. தினமும் உச்சிப்பொழுதில் மூன்று பேரும் கூடத்துக்கு வந்துவிடுகிறார்கள். நம் வீட்டுப் பேய்கள் பகல் பேய்கள். ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறார்கள்.

வயதில் மூத்தவர் யவனர். நீ கப்பலேறிய பிறகு, அரிக்கமேட்டில் வெள்ளைக்காரர்கள் தோண்டியபோது, அப்பா ஒரு கூலியாளிடம் இரண்டு காது வைத்த ஜாடி ஒன்று வாங்கி வந்தார், அதோடு வந்தவர். அவர் பேசுவது எந்தப் பேய்க்கும் புரியாது. அம்மா அந்த ஜாடியில் வடுமாங்காய் போட்ட நாளிலிருந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார். அடுத்தவர் கப்பித்தேன் துரை. பிரெஞ்சுப் பட்டாளத்துக் கேப்டன், இந்த வீட்டைக் கட்டியவர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரன் புதுச்சேரியை முற்றுகை போட்டபோது வயிற்றுப்போக்கில் போனவர். முற்றுகை முடிந்தது என்று யார் சொன்னாலும் நம்புவதில்லை. விழுப்புரம் பஸ் ஹாரன் அடித்தால் கத்தியை உருவிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறார். மூன்றாமவர் உத்திராபதி, நம் சாதிசனம், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு எலெக்ஸியோன் கலவரத்தில் மண்டை உடைந்து செத்தவர். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பிரெஞ்சு படித்ததால் துரைக்கு மொழிபெயர்ப்பதும் அவர்தான். செத்த பிறகும் ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவர். நம் ஊரில் அது நடக்கிற காரியம்தானே.

கோவிந்தசாமி வந்திருந்தார். நீ சொன்னபடி சிரித்துப் பேசினேன். பேய் இருக்கிறது என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பயந்து ஓடுவார் என்று பார்த்தால், "பேய் வேற இருக்குதா? அப்ப வெலைய இன்னும் கொறைச்சிக்கலாமேம்மா" என்றார். உத்திராபதி அசந்துபோய்விட்டார். "இந்தாளு எலெக்ஸியோன்ல நின்னா ஜெயிச்சிடுவான்" என்று சொன்னார்.

எனக்கு விற்க மனசில்லை. ஒளிப்பானேன்? பிரான்சுக்குப் போகிறவன் திரும்ப மாட்டான். வீடு இருந்தால் நீ வருவாய் என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் கூரையை ஒழுகாமல் காப்பாற்றி வருகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புள்ள அக்கா,
செல்வாம்பாள்

*

சைகோன்
9-4-1961

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கம்.

இவ்விடம் யாவரும் நலம். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது எழுதிப் பழகிவிட்ட வரி. கன்றுக்குட்டி பால் குடிக்கிறதா?

கப்பித்தேன் துரையை நான் மறக்கவில்லை. சின்ன வயதில் பலாமரத்தடியில் அவர் தொப்பி எனக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அக்கா, எனக்கு நாற்பது வயதாகிறது. பேய்களுக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்ள முடியுமா? கோவிந்தசாமிக்கு இன்னும் கொஞ்ச நாள் தவணை சொல்லி வையுங்கள். என் பங்குக்குக் கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரம் கொடுத்து ஒரு பத்திரம் எழுதி அனுப்புகிறேன்.

இன்னொன்று. இங்கே நண்பர் ஒருவரின் பெண் குழந்தைக்குக் கக்குவான் இருமல். மூன்று வயது. ராத்திரி முழுவதும் இருமி முகம் நீலம் பாய்ந்துவிடுகிறது. டாக்டர் மருந்து கேட்கவில்லை. எனக்குச் சின்ன வயதில் இருமல் வந்தபோது அம்மா ஏதோ இடித்துக் கொடுப்பாளே, அது என்ன? உடனே எழுதவும். நண்பர் மிகவும் பயந்துபோயிருக்கிறார்.

அந்த மூவரும் என்னை விசாரிப்பதுண்டா?

அன்புள்ள தம்பி,
தணிகாசலம்

*

உழவர்கரை
24-4-1961

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

குழந்தை விஷயம் முதலில். ஆடாதோடை இலையையும் கற்பூரவள்ளி இலையையும் தண்ணீரில் போட்டுச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல். ஆடாதோடை அங்கே கிடைக்காது என்று காய்ந்த இலையைப் பொட்டலம் கட்டி இதோடு அனுப்பியிருக்கிறேன். கற்பூரவள்ளிக்கு உன் நண்பர் நாலு வீடு தேடினால் கிடைக்கும். மார்பில் தேங்காயெண்ணெய் சூடாகத் தடவ வேண்டும். இருமும்போது குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது, தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். உன்னை அப்படி நடந்தவள் நான்தான்.

நண்பருக்கு இத்தனை அக்கறையாக எழுதுகிறாய், நல்லது. நண்பர் கொடுத்து வைத்தவர்.

மூவரும் விசாரிக்காமல் என்ன? அமாவாசைதோறும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படையல் போடும்போது இவர்களுக்கும் ஆளுக்கொரு இலை போடுகிறேன். அப்பாவும் அம்மாவும் வருவதில்லை. போக வேண்டிய இடத்துக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தவர்கள் எதற்கு வருகிறார்கள்? இவர்கள் மூவரும் மட்டும் மணியடித்தாற்போல் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். துரைக்கு டவுன் ரொட்டி வேண்டும். உத்திராபதிக்குச் சாராயம். யவனர் சைகையில் கேட்பது திராட்சை ரசம், நான் நீர்மோர் வைக்கிறேன்.

இவர்கள் சாப்பிட்டார்களா என்று கண்டுபிடிக்க அம்மா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். படைத்தது படைத்தபடியே இருக்கும், ஆனால் பேய் சாப்பிட்ட சோற்றில் உப்பு இருக்காது. வாயில் போட்டுப் பார்த்தால் தெரியும். இன்னொன்று, யார் பெயர் சொல்லிப் போட்ட இலையோ அவர்தான் உட்காரலாம். அடுத்தவர் இலையில் கைவைக்க இவர்களால் முடியாது. உத்திராபதி துரையின் ரொட்டிக்கு ரொம்ப நாளாக ஏங்குகிறார்.

அவருக்கு இப்போது பெரிய மனக்குறை. புது சர்க்கார் வாக்காளர் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். "உசுரோட இருக்கறவனுக்கு மட்டுந்தான் ஓட்டாம். இது என்னம்மா நாயம்? அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க போறதுக்கு எனக்கும் ஒரு எடம் வேணாமா?" என்று சலித்துக்கொள்கிறார்.

குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று எழுது. மறந்துவிடாதே.

அன்புள்ள அக்கா,
செல்வாம்பாள்

*

சைகோன்
20-7-1961

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கம்.

இவ்விடம் யாவரும் நலம் என்றே எழுதுகிறேன். உங்கள் இலை வேலை செய்தது. குழந்தை இப்போது இருமாமல் தூங்குகிறது. அதன் தாயார் உங்களுக்கு இரண்டு கையும் கூப்பி நன்றி சொல்லச் சொன்னாள். குழந்தையை இரவும் பகலும் தோளில் போட்டு நடந்து அவளுக்குத்தான் உடம்பு முடியவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. நெஞ்சில் நீர் என்கிறார் டாக்டர். நண்பருக்கு எதிலும் மனம் ஓடவில்லை.

பத்திரத்தை அடுத்த மாதம் அனுப்புகிறேன்.

அன்புள்ள தம்பி,
தணிகாசலம்

*

உழவர்கரை
10-10-1961

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

அடுத்த மாதம் என்றாய், அதற்கடுத்த மாதமும் போய்விட்டது. பத்திரம் வராததில் எனக்கு வருத்தமில்லை என்பது உனக்கே தெரியும். கடிதம் வராததுதான் வருத்தம்.

இங்கே மழை பிடித்துவிட்டது. கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு போய் யவனரின் ஜாடியை முட்டிக் கவிழ்த்துவிட்டது. ஜாடி உடையவில்லை, மாங்காய்தான் போயிற்று. யவனர் எழுந்து நின்று கன்றுக்குட்டியைக் கும்பிட்டார். இந்த வீட்டில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோவிந்தசாமி போன வாரம் அளவு நாடாவோடு வந்தார். பலாமரத்தை வெட்டினால் எத்தனை பலகை தேறும் என்று கணக்குப் போட்டார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே நின்றார். பாவமாக இருந்தது.

உன் நண்பரின் மனைவிக்கு உடம்பு தேவலையா? விசாரித்தேன் என்று சொல்.

அன்புள்ள அக்கா,
செல்வாம்பாள்

*

உழவர்கரை
28-12-1961

தம்பி,

முகமன் எழுத மனசில்லை. ஆறு மாதமாகப் போகிறது. தபால்காரர் பக்கிரி என்னைக் கண்டால் வேறு தெருவழியாகப் போகிறார். சைகோன் பக்கம் சண்டை என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதாம். பக்கத்து வீட்டு மணியம்மாள் வாசித்துவிட்டு வந்து சொன்னாள்.

அதோடு விட்டாளா? "தை அமாவாசை வருது. தம்பிக்கும் ஒரு எலைய போட்டுடு செல்வாம்பா. இருக்கறானோ இல்லையோ, இல்லேன்னா பசியோட அலையக் கூடாது இல்லையா" என்றாள். நான் அவளை வாசலோடு அனுப்பிவிட்டேன்.

ஒரு வரி போடு. "யாவரும் நலம்" என்ற அந்தப் பழைய பல்லவியாவது போடு.

அக்கா

*

உழவர்கரை
7-2-1962

அன்புள்ள தம்பி தணிகாசலத்துக்கு அக்கா எழுதுவது.

நீ உயிரோடிருக்கிறாய். உனக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு இப்போதுதான் தெரியும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். தை அமாவாசைக்கு எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் சேர்கின்றன, உலகம் அழியப் போகிறது என்று ஊரே கதிகலங்கிக் கிடந்தது. கோயிலுக்குக் கோயில் யாகம். மணியம்மாள் நகையை எல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நம் வீட்டு மூவரும் சாவகாசமாக இருந்தார்கள். "நமக்கு இனிமே என்னம்மா போவப் போவுது?" என்றார் உத்திராபதி. ஊர் அழுததைப் பார்த்ததாலோ என்னவோ, என் நெஞ்சுறுதியும் விட்டுப்போயிற்று. மணியம்மாள் சொன்னபடி உன் பெயரைச் சொல்லி ஒரு இலை போட்டேன். உனக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல், பயற்றம்பருப்புப் பாயசம், வடை. போடும்போது பாயசம் பாதி தரையில் சிந்திற்று.

மூவரும் தங்கள் இலையில் உட்கார்ந்தார்கள். உன் இலை காலியாக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது இலைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இலைக்கு முன்னால் இல்லை, பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு. ஒல்லியான பெண். கழுத்துவரை மூடிய நீள அங்கி, உள்ளே வெள்ளைக் கால்சட்டை. உன் சைகோன் பக்கத்து அன்னாமித்துக்காரி என்று பார்த்ததும் தெரிந்தது.

துரை துள்ளி எழுந்து தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார். யவனர் தன் ஜாடியை உருட்டி வந்து உட்காரக் கொடுத்தார். இருநூறு, இரண்டாயிரம் வருஷமாக இவர்களுக்குள் இருந்த மரியாதையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். துரை பிரெஞ்சில் விசாரிக்க, அவள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னாள். உத்திராபதி எனக்குத் தமிழாக்கினார். முதலில் அவளுக்கு அந்த ஊரில் ஓட்டு இருந்ததா என்று தன் சொந்தக் கேள்வியைக் கேட்டார். நான் முறைத்த பிறகு ஒழுங்காக மொழிபெயர்த்தார்.

"அடுத்தவங்க எலைல ஒக்கார முடியாதேன்னு கேட்டேம்மா. இது அடுத்தவங்க எலை இல்லியாம். கல்யாணத்தன்னைக்கு அவரு சாப்ட்ட எலைல பாதிய விட்டுட்டு, மீதி ஒன்னுதுன்னாராம். எங்க ஊர்ல புருசன் எலைல பொண்டாட்டிக்கு பாதின்னு சொன்னாராம். அதுலேர்ந்து நெதமும் அப்படியேதானாம். அவரு பேரச் சொல்லி எலை போட்டதால அதுக்கும் கூப்ட்டாப்பல கேட்டுதாம். அவரு வந்து சாப்ட்டப்புறம் ஒக்காரலாம்னு நிக்கிதாம்."

உத்திராபதியே அவளிடம் சொன்னார், அவர் வரமாட்டார், உயிரோடிருப்பவர் படையல் இலைக்கு வர முடியாது என்று. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் செத்தபோது நீயும் காய்ச்சலில் கிடந்தாயாம். இலையைப் பார்த்ததும் நீயும் போய்விட்டாய் என்று பயந்துதான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். பிறகு உன் இலையில் தன் பாதியை மட்டும் சாப்பிட்டாள்.

எல்லாரும் எழுந்த பிறகு நான் உன் இலையை வாயில் போட்டுப் பார்த்தேன். இடது பாதியில் உப்பு துளியும் இல்லை. வலது பாதியில் நான் போட்ட உப்பு அப்படியே இருந்தது. வாழைக்காயில் கொஞ்சம் கூடவே இருந்தது. அந்தக் கரிக்கும் வறுவலை அழுதுகொண்டே தின்று தீர்த்தேன்.

அப்போதும், இருமிய அந்த "நண்பர் குழந்தை" உன் குழந்தைதானா என்று எனக்கு ஒரு ஓரத்தில் சந்தேகம். குழந்தையின் பெயர் என்ன என்று கேட்கச் சொன்னேன். அவள் உத்திராபதிக்காகக் காத்திருக்கவில்லை. என்னைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள், "அஞ்சலாட்சி." நம் அம்மாவின் பெயரை அவ்வளவு சுத்தமாகச் சொல்ல யார் கற்றுக்கொடுத்திருக்க முடியும்?

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது நேரில். இப்போது ஒன்று மட்டும் எழுது. குழந்தை யார் தோளில் இருக்கிறது?

அன்புள்ள அக்கா,
செல்வாம்பாள்

*

சைகோன்
4-3-1962

அக்கா,

என் தோளில்தான் இருக்கிறாள்.

லான் போன செப்டம்பரில் போய்விட்டாள். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். "இவ்விடம் யாவரும் நலம்" என்று எழுதுவேன். அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. பொய் என்று கிழித்துப் போடுவேன். "இவ்விடம் நான் நலம்" என்று எழுதிப் பார்த்தேன். அதைவிட அது கொடுமையாக இருந்தது.

உங்கள் கடிதத்தைக் கம்பெனியில் வைத்துப் படித்தேன். இலையில் பாதி என்று நாங்கள் வைத்திருந்த வழக்கம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு மேல் நான் எதையும் ஆராய விரும்பவில்லை. அவள் அங்கே இருக்கிறாள் என்றால், நல்லபடியாக இருக்கிறாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அம்மா மாமன் மகளைப் பேசி வைத்திருந்தாள், ஊர் ஒரு மாதிரி, நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இப்போதும் பிரான்சுதான் குழந்தைக்கு நல்லது என்று தோன்றுகிறது. அங்கே அவள் முகத்தை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். ஊரில் அவளை என்ன சொல்லி அழைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பத்திரம் தயாராக இருக்கிறது. அனுப்பட்டுமா?

தணிகாசலம்

*

உழவர்கரை
25-3-1962

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

அனுப்பாதே.

கோவிந்தசாமியைக் கூப்பிட்டு வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். "பேயிங்களுக்காகவா?" என்று கேட்டார். தம்பி மகளுக்காக என்றேன். "அத மொதல்லயே சொல்லியிருந்தா நாடாவ எடுத்தாந்திருக்க மாட்டனே" என்று சொல்லி, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான், பாவம்.

குழந்தையின் முகத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நம் ஊரில் பிரெஞ்சு மூக்கு, ஆப்பிரிக்கச் சோல்தா சிப்பாய்களின் முடி, மாகே பக்கத்து மலையாளக் கண் எல்லாம் ஒரே தெருவில் தண்ணீர் பிடிக்கின்றன. இவளை மட்டுமா உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? அப்படிப் பார்த்தால் என்னைப் பார்க்கட்டும். என் நாக்கு எப்படிப்பட்டது என்று இந்த ஊருக்குத் தெரியும். மணியம்மாளிடம் நானே சொல்லிவிட்டேன். காலை முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மாலையில் வந்து, குழந்தைக்குக் காது குத்தியாயிற்றா என்று கேட்டாள்.

லான் நன்றாக இருக்கிறாள். படையல் முடிந்து போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குழந்தைக்கு ஏற்ற வீடா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. பிறகு உத்திராபதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "கெணத்துக்கு மூடி இல்லியேன்னு சொல்லுதும்மா. கைப்புடிச் செவுரு தாழ்வா இருக்குதாம், புள்ள எட்டிப் பாக்குமாம்." இத்தனை வருஷம் பிள்ளை இல்லாத வீட்டில் அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டு மூடி செய்யச் சொல்லியிருக்கிறேன். தினமும் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கிறாள். ஆசாரிக்கு முதுகில் சில்லென்று இருக்கிறதாம், வெயில் காலத்துக்கு நல்லதுதான் என்கிறார்.

எனக்குப் பிள்ளை இல்லை என்பதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன். அந்த ஆடாதோடை இலையைப் பொட்டலம் கட்டியபோதே அது யார் குழந்தை என்று எனக்குப் பாதி தெரியும். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். இனிமேல் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. குழந்தையைக் கொண்டு வா.

அன்புள்ள அக்கா,
செல்வாம்பாள்

*

சைகோன்
2-8-1962

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

கம்பெனிக் கணக்கை முடித்துக்கொண்டேன். சிங்கப்பூர் வழியாக மதராசுக்கு இரண்டு டிக்கெட் வாங்கியாயிற்று. செப்டம்பர் நடுவில் மதராஸ் இறங்குவோம். அங்கே நம் சித்தப்பா மகன் வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டுப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிறோம்.

அஞ்சலாட்சியிடம் வீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கன்றுக்குட்டி, பலாமரம், தொப்பி வைத்த துரை, எல்லாம். அவள் அம்மாவைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் உங்களுக்கு என்று ஒரு படம் வரைந்திருக்கிறாள். மாடு என்கிறாள். எனக்கு நாற்காலி மாதிரி தெரிகிறது. இதோடு வைத்திருக்கிறேன்.

இவ்விடம் இருவரும் நலம்.

அன்புள்ள தம்பி,
தணிகாசலம்

*

உழவர்கரை
5-9-1962

அன்புள்ள தம்பிக்கும் என் கண்ணான அஞ்சலாட்சிக்கும் அத்தை எழுதுவது.

மதராஸ் விலாசத்துக்கே போடுகிறேன், இறங்கியதும் கையில் கிடைக்கட்டும். மாட்டுப் படம் கிடைத்தது. சிவப்பிதான், சந்தேகமில்லை. கொம்பு நன்றாக வந்திருக்கிறது. கூடத்தில் ஒட்டியிருக்கிறேன்.

போன மாதம் பதினாறாம் தேதி ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. ஊரெல்லாம் இதே பேச்சு, யார் பிரெஞ்சுப் பிரஜையாக எழுதிக் கொடுப்பது, யார் இந்தியப் பிரஜையாக இருப்பது என்று. நீ வந்து உன் இஷ்டப்படி எழுதிக்கொள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. நம் வீட்டிலும் இரண்டு நாள் பெரிய விவாதம். யவனருக்கு இரண்டு தேசமும் ஒன்றுதான். உத்திராபதி எந்தப் பக்கம் பட்டியலில் பெயர் சேர்க்கிறார்களோ அந்தப் பக்கம் என்றார். துரை மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு, முற்றுகை தீர்ந்ததா என்று கேட்கச் சொன்னார். தீர்ந்தது, இங்கிலீஷ்காரனும் போய்விட்டான், எல்லாரும் போய்விட்டார்கள் என்று சொன்னேன். கத்தியைக் கழற்றிக் கூடத்துச் சுவரில் மாட்டினார். அங்கே ஆணியே கிடையாது, ஆனாலும் விழவில்லை. அதற்குப் பிறகு பஸ் ஹாரன் அடித்தால் வாசலைத்தான் பார்க்கிறார். நீங்கள் வரும் பஸ் என்று அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கிணற்றுக்கு மூடி போட்டாயிற்று. லான் அதன்மேல் உட்கார்ந்து பார்த்துத் திருப்திப்பட்டாள். குழந்தையிடம் அம்மாவைப் பற்றி என்ன சொல்வது என்று நீ கவலைப்பட வேண்டாம். ஒன்றும் சொல்லாதே. வாசலில் இறக்கிவிடு. அவள் என்னைத் தாண்டி ஓடினால் நான் வருத்தப்பட மாட்டேன்.

மதராசில் காலை பஸ்ஸைப் பிடி. உச்சிப்பொழுதுக்குள் வந்துவிடலாம். மூன்று இலை அறுத்து வைத்திருப்பேன், உனக்கு, குழந்தைக்கு, எனக்கு. படையல் இலை இல்லை, சுடச்சுடச் சாப்பிடுகிற இலை. வாழைக்காய் வறுவலும் உண்டு, இந்த முறை உப்பு அளவாகப் போடுகிறேன். பசியோடு வருவாய், தெரியும். ஆனாலும் உன் இலையில் பாதிக்கு மேல் கைவைக்காதே. மீதிக்கு ஆள் காத்திருக்கிறாள்.

இவ்விடம் யாவரும் நலம்.

அன்புள்ள அக்கா,
செல்வாம்பாள்